ஆப்ஷன் என்றொரு சொல்

ஆங்கிலம் அறியாதவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'ஆப்ஷன்' என்பதும் ஒன்று. வினாத்தாளில் நான்கு விடைகளைக் காணும் பள்ளிப் பிள்ளை, "எந்த ஆப்ஷன் சரி?" என்று கேட்கிறது. ஊதியக் குழுவின் பரிந்துரை வந்ததும் அரசு ஊழியர், பழைய விகிதமா புதிய விகிதமா என்று ஆப்ஷன் எழுதிக் கொடுக்கிறார். வணிகர் ஒரு மனைக்கு முன்பணம் கட்டி, குறித்த நாளுக்குள் வாங்கவோ விடவோ உரிமை பெற்றுக் கொள்கிறார். பங்குச் சந்தையில் அந்த உரிமையே தனிச் சரக்காக விலைபோகிறது. வழியெல்லாம் அடைபட்டவரோ, "எனக்கு வேறு ஆப்ஷனே இல்லை" என்று கையை விரிக்கிறார்.

இவை எல்லா ஊர்களுக்கும் பொதுவான பொருள்கள். காரைக்கால் வட்டாரத்தில், அரசலாற்றுக்குத் தெற்கே உள்ள நெரவி போன்ற ஊர்களின் பழைய குடும்பங்களில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அங்கே அது ஒரு குறிப்பிட்ட காலத்தையும், ஒரு தாளையும், அதில் இடப்பட்ட அல்லது இடப்படாத ஒரு கையொப்பத்தையும் குறிக்கும். பிரெஞ்சு மொழியிலும் எழுத்து அதுவே. ஒலிப்பு மட்டும் 'ஒப்சியோன்' என மாறும். அந்தச் சொல் நம் மக்களை என்ன கேட்டது, மக்கள் என்ன விடை தந்தனர், விடை தராதவர் என்னவாயினர் என்பதை நாம் ஒருமுறை நின்று பார்ப்பது தகும்.

மூன்று மொழிகளில் ஒரு பொருள்

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'விரும்புதல்', 'தேர்தல்' என்னும் பொருளுடைய ஒரு வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. பண்டைய ரோமானியப் படையில் நூற்றுவர் தலைவனுக்குத் துணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கும் இதே வேரிலிருந்து வந்த 'ஒப்தியோ' என்பது பதவிப் பெயராயிற்று. ஆக, இச்சொல்லின் அடியில் கிடப்பது விருப்பம்.

தமிழில் இதற்கு நேரான சொல் 'தெரிவு'. 'தெரிதல்' என்றால் அறிதல் என்றும் பொருள்; தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள். 'தெரிந்து செயல்வகை', 'தெரிந்து தெளிதல்' என்று திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதை நாம் அறிவோம். அறியாமல் எடுத்ததைத் தெரிவு என்று சொல்லத் தமிழ் இடங்கொடுப்பதில்லை.

அரபு மொழியில் இதற்குரிய சொல் 'கியார்'. நன்மை என்னும் பொருளுடைய 'கைர்' என்ற சொல்லும், விரும்பித் தேர்தல் என்னும் 'இக்தியார்' என்ற சொல்லும், ஒரு செயலில் இறங்குமுன் நன்மையானதை நாடி இறைவனிடம் வேண்டும் 'இஸ்திகாரா'வும் ஒரே வேரின் கிளைகள். அரபுச் சொல்லின் அடியில் நன்மை இருக்கிறது.

ஒரு மொழி விருப்பத்தைக் காட்டுகிறது. ஒரு மொழி அறிவைக் காட்டுகிறது. ஒரு மொழி நன்மையைக் காட்டுகிறது. நெரவியின் வரலாற்றை அளக்க இம்மூன்றையும் அளவுகோல்களாகக் கையில் வைத்துக் கொள்வோம்.

கொடியின் நிழலில்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739ஆம் ஆண்டில். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னரிடமிருந்து அதனைப் பெற்றனர். சுற்றியிருந்த ஊர்கள் பின்னர் படிப்படியாகச் சேர்ந்தன. இடையில் ஆங்கிலேயர் பிடித்ததும் விட்டதும் பலமுறை நிகழ்ந்தன. நெப்போலியப் போர்கள் முடிந்த பிறகே பிரெஞ்சு ஆட்சி அங்கு நிலைபெற்றது.

அந்த ஆட்சி தன் சொற்களை ஊரில் விட்டுச் சென்றது. நெரவியின் உள்ளாட்சி இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே வழங்குகிறது. அண்டை ஊராகிய திருமலைராயன்பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரர் 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய கிராமம் என்றழைத்தனர். இந்த 'அல்தே' போர்த்துகேசியரின் சொல். அவர்கள் அதனைப் பெற்றதோ ஸ்பெயினையும் போர்த்துகலையும் ஆண்ட முஸ்லிம்களின் 'அல்ளைஅத்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து. அரபுச் சொல் ஐரோப்பா வழியாகச் சுற்றிக்கொண்டு, அரபு ஓதும் மக்கள் வாழும் இக்கரைக்கே வந்து சேர்ந்தது வியப்பன்றோ!

பிரெஞ்சு ஆட்சி இம்மக்களின் முன் தெரிவு ஒன்றை வைத்தது 1962இல்தான் என்று எண்ணிவிடலாகாது. 1819ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, இந்தியர் அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பளிக்கப்படுவர் என்று உறுதி கூறியிருந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணையோ, விரும்பியவர் தம் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. அவ்வாறு துறந்தவர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறந்தது துறந்ததே, மீட்சி இல்லை. கணவன் இட்ட கையொப்பம் மனைவியையும் வயது வராத மக்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது.

நம் சமுதாயத்தில் அந்த அழைப்பை ஏற்றவர் மிகச் சிலரே. நிக்காஹ், தலாக், வாரிசுப் பங்கு ஆகியவற்றைக் கைவிட்டுப் பெறும் உரிமை எதுவாயினும் அது தமக்கு வேண்டுவதன்று என்பது பெரும்பாலோரின் நிலை. அவர்கள் துறக்காமலே பிரெஞ்சு நாட்டினராய் இருந்தனர். பள்ளிவாசலிலும் இருந்தனர், நகராட்சித் தேர்தலிலும் வாக்களித்தனர்.

அந்த நாட்டினத் தகுதி வெறும் பெயரளவினதன்று; கடல் கடந்து பயன் தந்தது. காரைக்கால் வட்டாரத்தினர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவுக்குச் சபர் சென்றனர். சைகோன் நகரில் துணிக்கடை வைத்தவரும், கணக்கெழுதியவரும், அரசுப் பணியில் அமர்ந்தவரும் இருந்தனர். அந்நகரின் நடுவே 1935இல் எழுந்த பள்ளிவாசல், தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கு வேரூன்றியதற்கு இன்றும் சான்றாக நிற்கிறது.

ஆறு மாதம்

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. நெரவிக்குத் தெற்கே சில கல் தொலைவில் வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். நாகூரில் இருந்தவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவர் இந்தியரானார். நெரவியில் இருந்தவர் பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தார். 1954 மே மாதம் தியன்பியன்பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது.

ஆட்சி மாறியதே தவிர, சட்டப்படியான உரிமை மாறவில்லை. 1956 மே 28ஆம் நாள் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஏற்பு, அல்ஜீரியப் போர் முடிந்த பின்னரே, 1962இல் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கியதுதான் நாம் பேசும் ஆறு மாதம். அதற்குள் எழுத்து மூலம் அறிவித்தவர் பிரெஞ்சு நாட்டினராகவே நீடிக்கலாம். அறிவிக்காதவர் இந்தியக் குடிமக்கள்.

அந்த ஆறு மாதம் அமைதியான காலமும் அன்று. அக்டோபரிலும் நவம்பரிலும் சீனப் போர் மூண்டு நாடு கலங்கியிருந்தது. கெடு முடிந்த 1963 பிப்ரவரியின் நடுப்பகுதியோ, ஹிஜ்ரி 1382ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்து நெருங்கிய வேளை. நோன்பும் தராவீஹுமாய் இருந்த வீடுகளில், எந்த நாட்டுக்கு உரியவர் என்னும் கேள்விக்கு விடை எழுதும் நாள்களும் கரைந்து கொண்டிருந்தன.

மௌனம் பேசிய இரு மொழிகள்

ஒப்பந்தத்தின் விதிகளை ஒரு குடும்பத்தின்மேல் பொருத்திப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் எண்ணிக்கொள்ளும் குடும்பமேயன்றி, எவருடைய வீட்டுக் கதையும் அன்று. நெரவியில் ஒரே கூரையின்கீழ் பிறந்தவர் மூவர். மூத்தவர் சைகோனில் கடை நடத்துகிறார். இளையவர் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக் கொள்கிறார். தங்கை நாகூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். மூவரும் பிரெஞ்சு நாட்டினராய்ப் பிறந்தவர். மூவரும் எந்தத் தாளிலும் கையொப்பம் இடவில்லை என்று கொள்வோம்.

ஊரில் இருந்த இளையவர் இந்தியர் ஆனார். இந்திய ஒன்றியத்தில் குடியிருந்த தங்கையும் இந்தியர் ஆனார். ஆனால் சைகோனில் இருந்த மூத்தவர் பிரெஞ்சு நாட்டினராகவே நீடித்தார்! இந்தியாவுக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் வெளியே குடியிருந்தோர் பிரெஞ்சு நாட்டினராகத் தொடர்வர் என்றும், இந்தியராக வேண்டுமானால் இந்திய அதிகாரிகள் முன்னிலையில் ஆறு மாதத்துக்குள் கையொப்பமிட வேண்டும் என்றும் ஒப்பந்தம் வகுத்திருந்தது. மூவர் காத்த மௌனம் ஒன்றே. சட்டம் அதனை இரு வேறு மொழிகளில் பெயர்த்துக் கொண்டது.

இனி, ஊரிலிருந்த இளையவர் கையொப்பமிட்டார் என்று கொள்வோம். அவர் பிரெஞ்சு நாட்டினர். மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் தகப்பனாரைத் தொடர்ந்து பிரெஞ்சு நாட்டினர். தகப்பனார் இல்லையேல் தாயும், இருவரும் இல்லையேல் சட்டப்படியான காப்பாளரும் அவர்களுக்காக முடிவு செய்யலாம். மனைவி? கணவன் செய்த தெரிவு மனைவியின் நாட்டினத்தைப் பாதிக்காது என்று ஒப்பந்தம் தெளிவாகக் கூறிற்று. அவர் தம் கையால் தனியே அறிவித்தால்தான் பிரெஞ்சு நாட்டினர், இல்லையேல் இந்தியர்.

1881இன் ஆணையில் கணவனின் கையொப்பத்துக்குள் அடங்கிப்போன பெண், இந்த ஒப்பந்தத்தில் தனி மனிதராக எண்ணப்பட்டார். இது போற்றத்தக்க முன்னேற்றமே. மனைவியின் உடைமை மனைவிக்கே என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் விதி பெற்ற சமுதாயம் இதனைக் குறைகூற முடியாது. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். அறிவிப்பு இரண்டு படிகளில் எழுதப்பட வேண்டும். ஒன்று பிரெஞ்சில், மற்றொன்று ஆங்கிலத்தில். நெரவியின் வீடுகளில் பேசப்பட்ட தமிழ் அத்தாளில் இல்லை. அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் கற்றிருந்த ஒரு தாய், இவ்விரு மொழிகளில் எதையும் அறியாதவராயின், தமக்குத் தனி உரிமை இருப்பதையே பிறர் வாயால்தான் அறிய முடியும். பிறர் சொல்லாவிட்டால் உரிமை இருந்தும் இல்லாததே.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை 1961ஆம் ஆண்டுக் கணக்கின்படி 3,69,000க்கும் சற்று மிகுதி. பிரெஞ்சு நாட்டினத்தைத் தெரிந்தெடுத்தவரோ ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர். எஞ்சியவருள் இந்தியராக வேண்டும் என்று உள்ளம் கனிந்து மௌனமாய் இருந்தவர் மிகப் பலர் என்பதில் ஐயமில்லை. இணைப்புக்காகப் பாடுபட்ட மண் அது. ஆனால் விரும்பி மௌனமாய் இருந்தவரையும், அறியாமல் மௌனமாய் இருந்தவரையும் பதிவேடு பிரித்துக் காட்டாது.

பிற நாடுகளின் வழக்கம்

நீதியாகப் பேச வேண்டுமானால், இந்த ஒப்பந்தத்தை அக்கால உலக வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். 1871இல் பிரான்சு போரில் தோற்று அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் செருமனிக்குக் கொடுத்தபோது, அங்குள்ளோர் 1872 அக்டோபர் முதல் நாளுக்குள் பிரெஞ்சு நாட்டினத்தைத் தெரிந்தெடுக்கலாம் என்று விதிக்கப்பட்டது. ஆனால் அவ்வாறு தெரிந்தவர் வீடுவாசலை விட்டுப் பிரான்சுக்குக் குடிபெயர வேண்டும். 1947இல் நம் நாடு பிரிந்தபோது அரசு ஊழியரிடம் இந்தியாவா பாகிஸ்தானா என்று ஆப்ஷன் கேட்கப்பட்டது; ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருந்தவர் இரு நாட்டினராய்ப் பிரிந்தனர்.

நெரவியில் எவரும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு நாட்டினத்தைத் தெரிந்தவரும் அதே தெருவில், அதே வீட்டில், அதே கபர்ஸ்தானின் அருகில் வாழலாம். பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அண்மைக் காலத்திலும் காரைக்காலில் வாக்குச்சாவடி அமைந்ததற்குக் காரணம் இதுவே. அல்சாசின் மக்களுக்குக் கிடைக்காத கருணை இது.

நம் நூல்கள் கற்பித்த தெரிவு

இனி நாம் கையில் எடுத்த மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். நம் மார்க்கச் சட்ட நூல்களில் வணிகத்தைப் பற்றிய பாடம் 'கியார்' என்பதைத் தனித் தலைப்பாகவே விரிக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், விற்பவரும் வாங்குபவரும் அமர்ந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை ஒப்பந்தத்தை முறிக்க இருவருக்கும் உரிமை உண்டு. மூன்று நாள் அவகாசத்தை நிபந்தனையாக வைத்துக் கொள்ளலாம். விற்பனையில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் தோழருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதன் மூலம். பொருளில் மறைந்த குறை பின்னர் வெளிப்பட்டால் திருப்பித் தரலாம். காணாத பொருளை வாங்கியவர், கண்ட பின் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம் என்பது ஹனஃபி அறிஞர் கருத்து.

நாட்டினம் சந்தைச் சரக்கு அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் நோக்கமும் அன்று. ஆனால் தெரிவு என்பதற்கு நம் முன்னோர் இட்ட வேலிகள் எவை என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன. தெரிபவன் அறிந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கக் காலம் வேண்டும். ஏமாந்தால் மீள வழி வேண்டும். பிரான்சைக் கண்ணால் காணாமலே அதனைத் தெரிந்தவர் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கண்ட பின் மறுக்கும் உரிமை கிடையாது.

எல்லாவற்றினும் கருதத்தக்கது 'கியாருல் புலூக்', அதாவது பருவமெய்திய பின் வரும் தெரிவு. சிறுபருவத்தில் காப்பாளர் செய்து வைத்த திருமணத்தை, வயது வந்த பின் மறுக்க ஹனஃபி சட்டம் இடந்தருகிறது. தகப்பனாரோ பாட்டனாரோ செய்து வைத்த திருமணத்துக்கு மட்டும் பழைய நூல்கள் விலக்குக் கூறின. ஆங்கிலேய இந்தியாவில் 1939இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கி, பதினைந்து வயதுக்குமுன் மணம் செய்விக்கப்பட்ட பெண், வாழ்க்கை தொடங்கியிராவிடில், பதினெட்டு வயதுக்குள் அதனை மறுக்கலாம் என்றது. தகப்பன் சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதன் உட்பொருள்.

1956ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் இந்தப் பருவத் தெரிவு இருந்ததா? பாதி இருந்தது. பெற்றோரின் முடிவால் பிரெஞ்சு நாட்டினராய் நீடித்த பிள்ளை, பதினெட்டு வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்கலாம். ஆனால் பெற்றோரின் மௌனத்தால் இந்தியரான பிள்ளைக்கு, வயது வந்த பின் மறுபக்கம் செல்லும் அத்தகைய தெரிவு இல்லை. ஒப்பமிட்டவரின் பிள்ளைக்குக் கதவு திறந்திருந்தது. ஒப்பமிடாதவரின் பிள்ளைக்கு அது சுவராயிற்று. தகப்பன் அறிந்து செய்த முடிவைப் பிள்ளை மாற்றலாம். தகப்பன் அறியாமல் விட்டதைப் பிள்ளை மாற்ற முடியாது. இவ்விதியில் நாம் காணும் பெருங்குறை இதுவே.

காலம் காட்டிய விடை

எந்தத் தெரிவு சரி என்று 1962இல் எவர்தாம் சொல்லியிருக்க முடியும்? 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அங்கிருந்த கடைகளும் சொத்துகளும் கைவிட்டுப் போன வேளையில், முன்பு மௌனமாய் இருந்ததால் பிரெஞ்சு நாட்டினராகவே நீடித்தவர்க்குப் பிரான்சில் ஒரு புகலிடம் இருந்தது. ஊரிலே பிரெஞ்சு நாட்டினத்தைத் தெரிந்தவரின் மக்களுள் பலர் பிரான்சுக்குச் சென்று குடியேறினர். திருமணப் பேச்சுகளில் மாப்பிள்ளை வீட்டாரின் நாட்டினம் ஒரு தகுதியாக எண்ணப்படும் விரும்பத்தகாத வழக்கமும் தலைகாட்டியது. இன்னொரு பக்கம், பிறந்த மண்ணில் வாழ்ந்துகொண்டே அம்மண்ணின் தேர்தலில் வாக்களிக்க இயலாதவராய் இருக்கும் நிலையும் அந்தக் கையொப்பத்தின் விளைவே.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆயினும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்னும் பதிவு முறை 2005இல் விரிவுபெற்றபோது, 1947 ஆகஸ்டு 15க்குப் பின் இந்தியாவில் சேர்ந்த பகுதிகளுக்கு உரியவரும் அவர்தம் மக்களும் பேரர்களும் அதற்குத் தகுதியுடையவர் என்று வகுக்கப்பட்டது. வாக்குரிமை தராவிட்டாலும், வந்து போகவும் வாழவும் அது வழி செய்கிறது. ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் திறந்த சிறு சாளரம் எனலாம்.

இவ்வரலாற்றை நாம் எழுதுவது எவரையும் குறைகூறுவதற்கன்று. இந்தியரானவர் இழந்தவரும் அல்லர். பிரெஞ்சு நாட்டினராய் நீடித்தவர் நாட்டை மறந்தவரும் அல்லர். நம் இல்லங்களில் இன்றும் தாள்கள் வருகின்றன. வாரிசுச் சான்று, நிலப் பாகம், வங்கிப் படிவம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் என்று பலவகை. "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு எழும் பழக்கம் நம்மிடையே மறையவில்லை. பெண்களிடம் அதனைப் படித்துக் காட்டும் பழக்கமோ இன்னும் வேரூன்றவில்லை. படித்துப் பொருள் சொல்ல ஒருவர் இல்லையேல், ஜமாஅத்து அந்த உதவியை ஏற்பாடு செய்வது கடமையாகும். நெரவியிலும் காரைக்காலிலும் உள்ள குடும்பத்தார், தம் வீட்டில் 1962இல் யார் ஒப்பமிட்டனர், யார் இடவில்லை, ஏன் என்பதை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பார்களாக. அத்தாளின் படி எங்கேனும் இருந்தால் கரையான் தின்னுமுன் பத்திரப்படுத்துவார்களாக.

விரும்பியதைச் செய்வது எளிது. அறிந்து, நன்மையை நாடி, பிள்ளைகளின் நாளையையும் எண்ணிச் செய்வதே தெரிவு. அவ்வாறு தெரியும் வாய்ப்பை நம் வீட்டார் ஒவ்வொருவருக்கும் நாம் தருகிறோமா என்பதை அவரவர் தம் நெஞ்சையே கேட்டுக் கொள்வோமாக.